பச்சையாக எடுத்த நூல் நீலமாவது எப்படி?

அம்மாவோடு சேர்ந்து வீட்டிலேயே பருத்தி நூலுக்கு அவுரிச் சாயம் ஏற்றியவர்களுக்குத் தெரியும்: தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சை. காற்றுப் பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய வேதியியல் இது.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் இழைக்குள் நுழையாது. அதனால்தான் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியை நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். அதில் பெருகும் பாக்டீரியாக்களின் செயலால் நீல மூலக்கூறு எலக்ட்ரான்களைப் பெற்று, காரநீரில் கரையும் வேறொரு வடிவமாகிறது. காரத்தைத் தருவது சுண்ணாம்பு. இந்த வடிவம் இழைக்குள் ஊடுருவும். வெளியே எடுத்ததும் ஆக்சிஜன் அதை மறுபடி கரையாத நீலமாக்க, சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இதற்கு, சாயத்தை இழையில் பிடிக்கவைக்கும் படிகாரம்கூடத் தேவையில்லை.

“மெதுவா இறக்கு, குமிழி வரக் கூடாது” என்று அம்மா சொல்வதும் அறிவியல்தான். குமிழியோடு ஆக்சிஜன் புகுந்தால் தொட்டிக்குள்ளேயே சாயம் நீலமாகி வீணாகும். அடர்நீலம் வேண்டுமென்றால் நெடுநேரம் ஊறவைப்பதைவிட, முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்குங்கள். ஒவ்வொரு முறையும் நீலம் கூடும். சுண்ணாம்புத் தண்ணீர் தோலை அரிக்கும், கையுறை கட்டாயம்.