பாட்டியின் மருந்துப் புட்டியும் பேத்தியின் ஆராய்ச்சியும்

பள்ளிக்கூடம் திறந்ததும், அமெரிக்காவில் ஹைஸ்கூல் கடைசி வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுப்பது? சில பள்ளிகளில் இது 'சீனியர் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் நடக்கிறது. 2014-ல் காலேஜ் போர்டு தொடங்கிய ஏ.பி. காப்ஸ்டோன் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 4,000 முதல் 5,000 சொற்கள் எழுதி, கேள்வி கேட்போருக்கு நேரில் விடையும் சொல்லவேண்டும். ஐ.பி. பள்ளிகளில் கட்டுரையின் உச்ச அளவு 4,000 சொற்கள்.

கல்லூரி விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பது பெற்றோரின் கவலை. புற்றுநோய்க்கு மருந்து, உலக வறுமை என்று பெரிய விஷயங்களை நாடுவது பிள்ளைகளின் ஆசை. இரண்டிலும் தவறில்லை. ஆனால் ஒரு பள்ளி ஆண்டுக்குள் இவற்றைப் பற்றி மாணவர் தாமாகக் கண்டறியக்கூடியது சொற்பம். பிறர் எழுதியதைத் தொகுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடும்.

சமூகத்துக்குப் பயன்படும் தலைப்பு பெரும்பாலும் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் பாட்டி தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர். ஆங்கிலம் மட்டும் வராது. அவருக்குச் சர்க்கரை வியாதிக்கும் ரத்த அழுத்தத்துக்குமாக நான்கு மருந்துப் புட்டிகள். "காலையிலே வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்று பேத்தி சொல்லிக்கொடுத்த கணக்கில் வண்டி ஓடுகிறது. அடுத்த மாதம் மருந்துக்கடையில் வேறு கம்பெனியின் அதே மருந்தைக் கொடுக்கிறார்கள். மஞ்சள் மாத்திரை வெள்ளையாகிவிடுகிறது. கணக்கு குழம்பிப்போகிறது.

விரத நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். 'சாப்பாட்டுடன் உட்கொள்ளவும்' என்று சீட்டில் ஆங்கிலத்தில் இருப்பது பாட்டிக்குத் தெரியாது. கந்த சஷ்டிக்கு வெறும் பாலும் பழமுமாக இருந்துகொண்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். கிளிபிசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஆகாரத்தை விட்டால், ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வேர்வை, நடுக்கம், தடுமாற்றம், சில சமயம் மயக்கம். மாடிப்படியில் அப்படி நேர்ந்தால் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

கலிபோர்னியா மாநிலம் 2015-ல் கொண்டுவந்த சட்டப்படி, கேட்டுக்கொள்ளும் நோயாளிக்கு மருந்து உட்கொள்ளும் முறையைச் சீனம், கொரியன், ரஷ்யன், ஸ்பானிஷ், வியட்நாமியம் ஆகிய ஐந்து மொழிகளில் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. அப்படியானால் கம்ப்யூட்டரைக் கொண்டு மொழிபெயர்த்துவிடலாமே என்று தோன்றும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் செய்யப்பட்டு 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், கம்ப்யூட்டர் தந்த ஸ்பானிஷ் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய பாதியில் பிழை இருந்தது. 'ஒரு தடவை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'ஒன்ஸ்', அதே எழுத்துகளோடு ஸ்பானிஷில் 'பதினொன்று' ஆகிவிடும் என்பதை அறிந்தால் விபரீதம் புரியும்.

இங்கே ஒரு நல்ல தலைப்பு கிடைக்கிறது. 'தமிழ் முதியோரின் ஆரோக்கியம்' என்று வைத்தால் அது கடல். 'எங்கள் கோயிலுக்கு வரும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் ஆங்கிலச் சீட்டைப் பார்த்து மருந்தின் வேளையைச் சரியாகச் சொல்கிறார்கள்? அதையே தமிழில் எழுதிக் காட்டினால் எத்தனை பேர்?' என்று கேட்டால் அது ஒரு மாணவரால் இறைக்கக்கூடிய கிணறு. முப்பது பேரைக் கேட்கலாம், எண்ணலாம், ஒப்பிடலாம். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று தெரியவந்தால் அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் முப்பது பேரைக் கேட்டுவிட்டு அமெரிக்கத் தமிழர் எல்லோரும் இப்படி என்று எழுதக்கூடாது.

மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின நோயாளிகளிடம் உண்மையை மறைத்து நடத்திய ஆய்வு அம்பலமானபின், 1979-ல் வெளியான பெல்மான்ட் அறிக்கை மூன்று நெறிகளை வகுத்தது: மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நியாயம். ஆகவே முதல் கேள்வியைக் கேட்குமுன் பள்ளியின் அனுமதி பெறவேண்டும். பதில் சொல்பவரிடம் விஷயத்தைத் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்கவேண்டும். பெயரைக் குறிக்கக்கூடாது. விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக்கூடாது. கோயிலில் பழகிய பிள்ளை கேட்கும்போது பெரியவர்கள் மறுக்கத் தயங்குவார்கள் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஆசிரியருடன் பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும். யாராவது ஒருவர் மருந்தைத் தவறாகச் சாப்பிட்டு வருவது விசாரிக்கும்போது தெரியவந்தால் என்ன செய்வது? குறித்துக்கொண்டு பேசாமல் போய்விடுவது தர்மமல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் மாணவரின் வேலையல்ல. அன்றைக்கே டாக்டரையோ மருந்துக்கடைப் பார்மசிஸ்டையோ கேட்கும்படி அவரிடமே சொல்லவேண்டும். அவர் சம்மதித்தால் வீட்டாரிடமும் சொல்லலாம்.

கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்து மதிப்பெண் வாங்கியதோடு காரியம் முடிந்துவிடாது. பதில் சொன்ன பெரியவர்கள் முன்னிலையில், கோயில் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டதைத் தமிழில் சொல்லவேண்டும். தமிழ் தெரிந்த பார்மசிஸ்ட் ஒருவர் சரிபார்த்த 'காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின்' என்ற அட்டையை அவர்கள் கையில் கொடுக்கலாம். விரதம் தொடங்குமுன் டாக்டரைக் கேட்கவேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்கலாம். பிள்ளையின் தமிழ் தட்டுத்தடுமாறினால் பரவாயில்லை. பாட்டிமார் திருத்திக்கொடுப்பார்கள்.

இவ்வாண்டு தலைப்புத் தேடும் பிள்ளைகள் நூல்நிலையத்துக்குப் போகுமுன் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புட்டியைக் கையில் எடுத்து, "பாட்டி, இதை எப்போ சாப்பிடறீங்க?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.