“ரெட் அலர்ட்” நமக்கா... இலங்கைக்கா? டெல்டா விவசாயிகளை குழப்பும் மழை எச்சரிக்கைகள்

தஞ்சாவூர்:

வங்கக்கடலில் ஒரு சுழற்சி கிளம்பினால் போதும். டீக்கடை பெஞ்சில் இருந்து நெல் கொள்முதல் நிலையம் வரை டெல்டாவில் ஒரே பேச்சுதான். “ரெட் அலர்ட்டாமே, அறுக்கலாமா, வேண்டாமா?”

குழப்பத்தில் பாதி செல்போனில் வருகிறது. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பும், இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பும் கலந்து கட்டி வந்து விழுகின்றன. இரண்டும் தமிழ்தான். அர்த்தம்தான் வேறு.

அவர்கள் “தாழமுக்கம்” என்பது நம்ம ஊர் காற்றழுத்த தாழ்வு. அவர்கள் “சூறாவளி” என்றால் இங்கே புயல். நம் மீனவர்களுக்கு சொல்லப்படும் “சூறாவளி காற்று” வெறும் பலத்த காற்றுதான், புயல் இல்லாமலும் வீசும். மழையை அவர்கள் மில்லிமீட்டரில் சொல்வார்கள். 150 என்று கேட்டதும் தலைசுற்ற வேண்டாம், நம்ம கணக்கில் அது 15 செ.மீ. (அதுவும் சின்ன மழை இல்லை என்பது வேறு விஷயம்.)

கலர் கணக்கு

சென்னை மையத்தின் கணக்கில் மஞ்சள் என்றால் பொதுவாக 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, கவனமாக இருங்கள். ஆரஞ்சு 12 முதல் 20 செ.மீ.; தயாராகுங்கள். சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கும் மேல், உடனே வேலையில் இறங்குங்கள்.

இலங்கையில் மழைக்கு தனி எச்சரிக்கை, மண்சரிவுக்கு தனி எச்சரிக்கை. மண்சரிவு எச்சரிக்கையை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அதிலும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு உண்டு. அங்கே சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறு என்று அர்த்தம். 2025 நவம்பரில் “டிட்வா” புயலின்போது கண்டி, பதுளை, நுவரெலியா பகுதிகளில் மலை சரிந்தது. இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்த சிவப்பை தஞ்சை வயலுக்கு பொருத்தி பார்க்க கூடாது. ஆனால் அதே புயல்தான் பிறகு தமிழக கடலோரமாக வடக்கே நகர்ந்து, டெல்டாவில் சம்பா பயிரை தண்ணீரில் மூழ்கடித்தது. எனவே அங்கே நடப்பதை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது.

“புயல் வலுவிழந்தது” என்ற செய்தியும் ஆளை ஏமாற்றும். 2020 டிசம்பர் 2-ந்தேதி இரவு “புரெவி” புயல் திருகோணமலை அருகே கரை கடந்தது. பிறகு மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அப்படியே நின்று விட்டது. காற்று போச்சு, மழை போகவில்லை. கொள்ளிடம், சிதம்பரம் பக்கமெல்லாம் கொட்டி தீர்த்தது.

ஓரிரு இடங்களில்...

“ஓரிரு இடங்களில் மிக கனமழை” என்பதை பலரும் லேசாக எடுத்துக் கொள்கிறார்கள். ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் 4-ல் ஒரு பங்கு வரை என்பதுதான் அதன் பொருள். மழை குறைவு என்று அர்த்தம் இல்லை. 2008 நவம்பரில் “நிஷா” புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் சுமார் 66 செ.மீ. மழை கொட்டியது. அந்த ஓரிரு இடம் எது என்று யாராலும் முன்கூட்டி சொல்ல முடியாது.

இன்னொன்று, மழை கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 மணியில் இருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை. “இன்று பதிவான மழை” என்று படிப்பதில் பெரும்பகுதி நேற்று பெய்தது.

தை மாத மஞ்சள்

ஐப்பசியில் இளம் பயிர் கொஞ்சம் மழையை தாங்கும். தை மாதத்தில் கதிர் முற்றி தலை சாய்ந்து நிற்கும்போது 5 செ.மீ. போதும், அத்தனையும் படுத்து விடும். அதனால் அறுவடை நேரத்து மஞ்சளை சிவப்பாக நினைப்பதே நல்லது.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் அதுதான் நடந்தது. அது புயல் கூட இல்லை, பெயரும் கிடையாது. இலங்கையின் கிழக்கு கரையை கடந்த ஒரு காற்றழுத்த தாழ்வு மண்டலம், அவ்வளவுதான். டெல்டாவில் அறுவடைக்கு தயாரான நெல் வயலிலேயே சாய்ந்து நனைந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.20 ஆயிரம் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அறுத்த நெல்லுக்கும் நிம்மதி இல்லை. கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 சதவீத ஈரப்பதம். ஒரு நாள் மழையில் அது எகிறி விடும்.

அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையில் வீணானால், பயிர் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதற்கான எண் 14447. உங்கள் மாவட்டத்துக்கு என்ன கலர் என்று சந்தேகம் வந்தால், வாட்ஸ்-அப்பில் தேட வேண்டாம். கலெக்டர் அலுவலக கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் போன் போட்டு கேட்கலாம்.