தசைச்சிதைவு: பத்து வயதிலேயே இதய மாத்திரை ஏன்?

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் இதய டாக்டரிடம் போகிறோம். படியே ஏற முடியாத பிள்ளைக்கு எப்படித் தெரியும்? டுஷென் தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவர்கள் பெரும்பாலும் 12 வயதையொட்டிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். ஓட்டமும் நடையும் இல்லாததால், இதயம் தளர்வது வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும் வேறு வேடத்தில்தான் வரும்: வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை. வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்துச் சமாளிப்பார்கள்.

தசைநாரின் உறை கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். 1987இல் கண்டறியப்பட்டது. இந்தச் சிறுவர்களிடம் அது அறவே இல்லை என்றே சொல்லலாம். இதயமும் தசைதானே! துடிக்கத் துடிக்க அதன் செல்கள் சிதைந்து, அந்த இடத்தில் தழும்பு படிகிறது. முன்பு மூச்சுத் திணறலே இவர்களின் உயிரைப் பறித்தது. முகமூடி வழி செயற்கை சுவாசம் வந்து ஆயுளை நீட்டியபின், இதயம் முதன்மையான எமனாகிவிட்டது.

ஆகவே நோய் உறுதியான நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறையாவது இதயப் பரிசோதனை வேண்டும். எக்கோவில் எல்லாம் சரியாகத் தெரியும்போதே எம்.ஆர்.ஐ. தழும்பைக் காட்டிவிடுவதுண்டு. இன்னொன்று, இதயம் நன்றாக இருந்தாலும் பத்து வயதுக்குள் பெரிண்டோபிரில், எனலாபிரில் வகை மாத்திரையைத் தொடங்குவது. 'பி.பி. இல்லாத பையனுக்கு பி.பி. மாத்திரையா?' என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. ஆனால், இது இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. பிரான்சில் 57 சிறுவர்களிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்திலேயே பெரிண்டோபிரில் பெற்ற 28 பேரில் 26 பேர் பத்து ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். மூன்று ஆண்டு தாமதித்துப் பெற்ற 29 பேரில் 19 பேர்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத வித்தியாசம்.

எல்லாத் தசை நோய்களும் ஒன்றல்ல. மயோடோனிக் வகையில் இதயத்தின் மின்னோட்டப் பாதைதான் பழுதாகிறது. அங்கே ஆண்டுதோறும் ஈ.சி.ஜி. அவசியம், மயக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது, சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும்.

டுஷென் உள்ளவருக்குச் சின்ன அறுவை சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்ற மருந்து இவர்களுக்குத் திடீர் இதய நிறுத்தத்தை உண்டாக்கலாம்.

பலரும் மறந்துபோவது அம்மாவை. டுஷென் நோய்க்குக் காரணமான பழுதான மரபணு அவரிடமும் இருந்தால், கைகால் திடமாக இருக்கும்போதே இதயம் பாதிக்கப்படலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும்.