பரிந்துரைச் சொற்களும் கட்டணச் சொற்களும் (குடும்ப மருத்துவம்)

பரிந்துரைச் சொற்கள், கட்டணச் சொற்கள் என்பன, நோயாளியை முதலில் பார்க்கும் குடும்ப மருத்துவர் அவரை மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது எழுதும் கடிதத்திலும், அச்சிகிச்சைக்கான பணக் கணக்கிலும் இடம்பெறும் கலைச்சொற்கள் ஆகும். இவ்விரண்டும் வெவ்வேறு தாள்களில் எழுதப்பட்டாலும் ஒன்றையொன்று சார்ந்தவை. கடிதத்தில் உள்ள ஒரு சொல்லே, பின்னர் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதைத் தீர்மானிக்கக் கூடும்.

பின்னணி

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் திருத்தணிக்கு அருகே உள்ள கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களில் இச்சொற்களின் தேவை கூடுதலாக உணரப்படுகின்றது. இங்கிருந்து நோயாளிகள் திருத்தணி அரசு மருத்துவமனைக்கும், 2022 சனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், சென்னை, வேலூர் நகரங்களுக்கும், எல்லை கடந்து திருப்பதிக்கும் செல்கின்றனர். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றே சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. இன்றும் இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் பேசப்படுகின்றன. பரிந்துரைக் கடிதமோ பெரும்பாலும் இவ்விரு மொழிகளிலும் இல்லாமல் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கும்.

ஆசுத்திரேலியாவில் குடும்ப மருத்துவரின் கடிதம் இன்றிச் சிறப்பு மருத்துவரைப் பார்த்தால், அரசுக் காப்பீடு அதற்குரிய முழுத் தொகையைத் திருப்பித் தராது. அக்கடிதம் பொதுவாக 12 மாதங்களுக்குச் செல்லும். இந்தியாவில் அத்தகைய பொது விதி இல்லை. எவரும் நேரடியாக எந்தச் சிறப்பு மருத்துவரிடமும் செல்லலாம். தொழிலாளர் அரசுக் காப்பீடு எனப்படும் ஈ.எசு.ஐ. திட்டம் இதற்கு முக்கிய விலக்கு ஆகும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர்கள் இதில் அடங்குவர். இவர்கள் முதலில் தமக்குரிய மருந்தகத்துக்குச் சென்று, அங்கிருந்து பரிந்துரை பெற்றே மேல்நிலை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரநிலை தவிர்த்த நேரங்களில் பரிந்துரை இன்றித் தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் செலவைத் திரும்பப் பெறுவது கடினம்.

பரிந்துரைக் கடிதம்

"கருத்து கேட்டல்" என்றால் சிறப்பு மருத்துவர் பார்த்துத் தம் கருத்தை எழுதி, நோயாளியைக் குடும்ப மருத்துவரிடமே திருப்பி அனுப்புவார். "பொறுப்பு மாற்றம்" என்றால் தொடர் சிகிச்சையும் அவருடையது. ஊர் வழக்கில் இரண்டுமே "பெரிய ஆசுபத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்" என்றே சொல்லப்படுவதால், திரும்பி வர வேண்டியவர் வராமல் போவதும், மருந்தை யார் மாற்றுவது என்று தெரியாமல் இருவருமே மாற்றாமல் விடுவதும் நேர்கின்றன. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, அனுப்பும் மருத்துவர் நோய்ச் சுருக்கம் தர வேண்டும். சிறப்பு மருத்துவர் தம் கருத்தை எழுத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். நடைமுறையில் முதற்பாதி ஓரளவு பின்பற்றப்படுகின்றது, பிற்பாதி அரிது.

"ஆர்/ஓ" என்ற சுருக்கம் பலரை அச்சுறுத்துவது. அதன் பின் எழுதப்பட்ட நோய் உள்ளது என்பதல்ல, இல்லை என உறுதி செய்துகொள்க என்பதே அதன் பொருள். மாரடைப்பு என்ற சொல்லுக்கு முன் இது இருந்தால், மாரடைப்பு உறுதியாகிவிட்டது என்று கொள்ளக்கூடாது.

"கே/சி/ஓ" என்பது "ஏற்கனவே அறியப்பட்ட நோய் உள்ளவர்" எனப் பொருள்படும். தனியார் காப்பீடு பெற்றவருக்கு இதைவிட முக்கியமான சுருக்கம் இல்லை எனலாம். நீரிழிவு எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டால், "அது ஒரு அஞ்சாறு வருசமா இருக்கும்" என்பதே வழக்கமான விடை. மருத்துவர் அதை 6 ஆண்டுகள் என எழுதிவிடுவார். உண்மையில் நோய் 2 ஆண்டுகளுக்கு முன், காப்பீடு எடுத்த பின்னரே கண்டறியப்பட்டிருந்தாலும், கடிதத்தில் உள்ள 6 என்ற எண்ணைக் காட்டி, நோயை மறைத்துக் காப்பீடு எடுத்ததாக நிறுவனம் கோரிக்கையை மறுக்கக் கூடும். முதல் பரிசோதனை அறிக்கையின் தேதியைப் பார்த்து எழுதுவதே முறையாகும். 2024 ஆம் ஆண்டின் விதிகளின்படி முன்னிருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. மேலும், 60 மாதங்கள் இடைவிடாது காப்பீடு தொடர்ந்திருந்தால், மோசடி நிறுவப்பட்டாலன்றி மறைத்ததாகக் கூறி மறுக்க இயலாது.

"ஏ.எம்.ஏ." என்பது மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறுதல் ஆகும். குடும்பத்தினர் கையொப்பமிட்டு நோயாளியை அழைத்துச் செல்வது இது, பரிந்துரை அன்று. தாளில் உள்ளதைப் படித்துக் கேட்டபின் கையொப்பமிடுவது நன்று.

கட்டணச் சொற்கள்

2012 சனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் "தொகுப்புக் கட்டணம்" என்பது அடிப்படைச் சொல்லாகும். ஒரு சிகிச்சைக்குப் பரிசோதனை, மருந்து உட்பட ஒரே தொகை வரையறுக்கப்படுகின்றது. "முன் அனுமதி" என்பது சிகிச்சைக்கு முன் அத்தொகைக்குப் பெறும் ஒப்புதல் ஆகும். இத்திட்டம் 2018 இல் நடுவண் அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

தனியார் காப்பீட்டில் "ரொக்கமில்லாச் சிகிச்சை" என்றால் நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும். "ஈட்டுத்தொகை" என்றால் நோயாளி முதலில் செலுத்திப் பின்னர் பெறுவார். "இணைக் கட்டணம்" என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் நோயாளி ஏற்கும் விழுக்காடு.

மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது "விகிதாச்சாரக் கழிவு" ஆகும். காப்பீட்டில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 4,000 ரூபாய் என்றும், நோயாளி 8,000 ரூபாய் அறையில் தங்கினார் என்றும் கொள்வோம். வாடகையில் மட்டும் பாதி வெட்டப்படும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் காப்பீட்டு ஒப்பந்தத்தில் இந்நிபந்தனை இருந்தால், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவற்றிலும் பாதியே கிடைக்கும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு இக்கழிவு பொருந்தாது.

நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவமனையிடமோ ஆய்வகத்திடமோ மருத்துவர் பெறும் பணம் "தரகு" ஆகும். 2002 விதிகள் கொடுப்பதையும் பெறுவதையும் தடை செய்கின்றன. இவ்விதிகளுக்கு மாற்றாக 2023 ஆகத்தில் வெளியான புதிய விதிகள் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன.

விபத்து

நெடுஞ்சாலை விபத்துகளில் "விபத்துப் பதிவேடு" எனப்படும் மருத்துவமனைப் பதிவின் நகல் இழப்பீட்டு வழக்குக்குத் தேவைப்படும். 2021 திசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. அவர் ஆந்திரத்தைச் சேர்ந்தவராக இருப்பினும், காப்பீட்டு அட்டை இல்லாதவராக இருப்பினும் இது பொருந்தும்.