அடிபிடிக்காமல் கிண்டுகிற கை

மார்கழிக் குளிரில் ஓசூரில் மாவு லேசில் புளிக்காது. சென்னையில் ராத்திரியே பொங்கி வழிகிற மாவு, மூக்கண்டப்பள்ளி வீடுகளில் விடிந்த பிறகும் அரைத்த மாதிரியே கிடக்கும். அடுப்போரம் நகர்த்துவார்கள், கம்பளியால் போர்த்துவார்கள். மாவைப் புளிக்க வைப்பது நாம் இல்லை. அதற்கு வேண்டிய சூடு தணியாமல் பார்த்துக்கொள்வதோடு நம் வேலை முடிந்தது.

மறுவாழ்வு சிகிச்சையில் செவிலியரின் வேலையும் ஏறக்குறைய இதுதான். (மறுவாழ்வு மையம் என்றாலே குடியை மறக்கடிக்கும் இடம் என்று நம் காதுகள் பழகிவிட்டன. இங்கே பேச்சு, முதுகுத்தண்டோ மூளையோ அடிபட்டு எழ முடியாமல் போனவர்களைப் பற்றி.) நரம்பைச் சரிசெய்வது செவிலியரின் கையில் இல்லை. தேறுகிற வரை உடம்பு கெடாமலும் மனம் விடாமலும் காப்பதுதான் அவர் கையில் இருக்கிறது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிற ஒருவர் நெடுஞ்சாலையில் விழுந்து முதுகு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. உயிர் பிழைத்துவிட்டார். 49ஆவது மணியிலிருந்து என்ன நடக்கிறது?

கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சமையலறைக்கு வாருங்கள். கேழ்வரகுக் களி கிண்டும்போது கையை நிறுத்தினால் அடிபிடிக்கும். மேலே பார்த்தால் களி நன்றாகத்தான் இருக்கும். தீய்ந்த வாடை மூக்குக்கு வரும்போது அடி கருகியிருக்கும். படுக்கைப்புண் வருவதும் அப்படித்தான். தூங்கும்போது நமக்கே தெரியாமல் நாம் புரண்டுகொள்கிறோம். உணர்வற்ற உடம்பு புரளாது. வால் எலும்புக்கு மேலேயும் குதிகாலிலும் இடுப்போரத்திலும் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. பல சமயம் எலும்பை ஒட்டிய சதைதான் முதலில் சாகிறது. தோலில் புண் தெரிவதற்குள் உள்ளே குழி விழுந்திருக்கலாம்.

அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இழுத்துத் திருப்பக் கூடாது, தூக்கித் திருப்ப வேண்டும். இழுத்தால் தோல் விரிப்போடு நின்றுவிடும், எலும்பு மட்டும் நகரும். திருப்பியதும் அழுந்திய இடத்தைப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகம் சிவப்பைத் தேடச் சொல்கிறது. நம்மில் பலருடைய தோல் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுகியோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடக் கூடாது.

கருணை என்கிறோமே, அது இங்கே ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே தொடுவது அவருக்குத் தெரியாது. ஆகவே தொடுவதற்கு முன் சொல்லியாக வேண்டும்: “அண்ணா, இந்தப் பக்கமா திருப்புறேன்.” சொல்லாமல் திருப்பினாலும் புண் வராதுதான். ஆனால் அவர் சாக்கு மூட்டை ஆகிவிடுவார். இந்த எல்லைப் பகுதியில் அதையும் எந்த மொழியில் சொல்வது என்று யோசிக்க வேண்டும். வலியைத் தெலுங்கர் நொப்பி என்பார், பீகாரிலிருந்து வந்த பையன் தர்த் என்பான். கன்னடக்காரர் சொல்லும் நோவு நம்முடைய பழைய சொல்லேதான். இந்த மூன்று சொற்களும் தெரிந்த சிஸ்டர் இருந்தால் பாதி வார்டு நிம்மதியாகத் தூங்கும்.

அடுத்தது குக்கர். முதுகுத்தண்டில் ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. வெயிட் உட்காரும் துளையில் பருக்கை அடைத்துக்கொண்டால் குக்கருக்குள் ஆவி ஏறிக்கொண்டே போகுமே, அந்த மாதிரி. சிறுநீர் வடிக்கும் குழாய் எங்கோ மடங்கி, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும். அவருக்கு அது தெரியாது. ஆனால் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சூடேறி வியர்க்கும், ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். தலைவலி மாத்திரை தேடப் போனால் நேரம் போய்விடும். உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமான துணியைத் தளர்த்த வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால் மலச்சிக்கலா என்று பார்க்க வேண்டும். அழுத்தத்தை அளந்துகொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும்.

சிறுநீர் விஷயத்தில்தான் பலரும் உடைந்துபோகிறார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் செருகிப் பையை வடிக்க வேண்டும். கை நன்றாக இருந்தால் தானே செய்துகொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் மனைவியைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதற்கு முன் திரையை இழுத்துவிட்டு நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, ‘நீங்களே கத்துக்கிறீங்களா, வீட்டுல யாராவது செய்யணுமா’ என்று? கேட்கிற செவிலியரைத்தான் நான் நல்ல செவிலியர் என்பேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்குக் கதை வேறு. விழுங்குவது தடுமாறுகிற சிலருக்குத் தண்ணீர்தான் பெரிய எதிரி. தொண்டை மூடுவதற்குள் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். கூழ் பதத்துக்குக் கெட்டியானது மெதுவாக இறங்கும். எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கும் திறனைச் சோதித்தவர் சொல்வார். நிமிர்ந்து உட்கார்ந்து சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

ஸ்பூனை யார் பிடிப்பது என்பதில்தான் உறவினரோடு சண்டை வரும். ஊட்டிவிட்டால் பத்து நிமிடம். அவரையே சாப்பிட விட்டால் முக்கால் மணி, சட்டையெல்லாம் கூழ். “சிஸ்டர் சும்மா நின்னு பாக்குறாங்க, மனசே இல்ல” என்று அக்காக்கள் சொல்வதைக் கேட்கலாம். மகளுக்குத் தோசை வார்க்கக் கற்றுத்தருகிற அம்மாவும் அப்படித்தான் நிற்பாள். முதல் தோசை கிழியும், இரண்டாவது தீயும். கரண்டியைப் பிடுங்கினால் இவள் தோசை நன்றாக வரும், அவள் கற்க மாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல் மேல் விரல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்வாள். தீவிர சிகிச்சையில் செய்து கொடுப்பது கருணை. இங்கே பல சமயம் செய்யாமல் நிற்பதுதான்.

இதைத் தன் உடம்பிலேயே கற்றவர் வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அதற்கான துறையை நடத்தினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரால் நிற்கிறது.

நிலையத்தில் எல்லாம் சமதளம். நம் ஆள் திரும்புவது மூக்கண்டப்பள்ளியின் லைன் வீட்டுக்கு. வாசலில் இரண்டு படி, பொதுக் கழிப்பறை கடைசியில். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். படுக்கையில் இருப்பவர்களைத் தேடி இயன்முறை மருத்துவரும் நோய் தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருவது அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. வருகிறவர் புண்ணைப் பார்ப்பதோடு படியையும் பார்க்க வேண்டும். மரப்பலகையைச் சாய்த்துப் போட்டால் நாற்காலி ஏறுமா? நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கழிப்பறைக்குள் நுழையுமா?

உள்ளே களி கொதிக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை கைபேசியில் அலாரம் அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அழுந்திய இடத்தில் புண் வராமலிருக்க, அடித்ததும் அவர் நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அசதியில் அலாரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அடுப்படியிலிருந்து மனைவி, களி கிண்டும் கோலை விடாமலே குரல் கொடுக்கிறார்: “என்னங்க, எந்திரிச்சீங்களா?”