அறிவின் பூட்டு – 9
கச்சான் காற்றும் இரண்டு நிமிடப் படமும்

ஆய்வுக் கட்டுரைகளை எவரும் காசில்லாமல் வாசிக்க வேண்டும் என்று புடாபெஸ்டில் கூடிப் பேசியவர்கள் 2002 பெப்ரவரியில் அறிவித்தார்களே, போன வாரம் அங்கே நின்றோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். பழைய தமிழ் இதழ்களை இணையத்தில் ஏற்றிக் காக்கும் ‘நூலகம்’ நிறுவனம் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு போட்டி.

சஞ்சிகைச் சந்தா ஏறிக்கொண்டே போனதால் அமெரிக்க ஆய்வு நூலகங்கள் 1998இல் கூடித் தொடங்கிய அமைப்பு ஸ்பார்க். 2007இல் அது மாணவர்களுக்கென ஸ்பார்க்கி விருது என்ற வீடியோப் போட்டியை அறிவித்தது. தகவலைப் பகிர்வதால் என்ன பயன் என்பதை இரண்டு நிமிடத்துக்குள் காட்ட வேண்டும். முதல் பரிசு 1,000 டாலர். வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ‘ஷேர்’ என்ற படம் வென்றது. ஏன் மாணவர்கள்? படிக்கும்வரை பல்கலைக்கழக நூலகம் கட்டிய சந்தாவில் கட்டுரைகள் பல திறக்கும். பட்டம் வாங்கி வெளியே வந்தால் அதே கட்டுரை பணம் கேட்கும். இந்த வித்தியாசம் அவர்களுக்குத்தான் உறைக்கும்.

பதுளையில் இப்படியொரு போட்டி வைத்தால் எதைப் படமெடுக்கலாம் என்று யோசித்தபோதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி அகப்பட்டது.

ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் உண்டு. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டிப் பசறை, மடுல்சீமைப் பக்கம் வறண்ட கச்சானாக வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பறிக்கும் கொழுந்தில் அது தூக்கலாக இருக்கும். அதற்கு ஒரு முக்கிய காரணம் மெத்தில் சலிசிலேற் என்ற பொருள். பெயர்தான் புதிது. கூடை சுமந்த முதுகில் இரவு லயத்தில் தேய்க்கும் வலித் தைலங்கள் பலவற்றில் மூக்கைத் துளைப்பதும் இதுவே! பசறைப் பக்கத்துப் பெரியம்மா ஒருவரிடம் சொன்னேன். “அப்ப இந்தத் தேத்தண்ணிய இடுப்புல ஊத்திக்கிட்டா வலி போயிருமா தம்பி?” என்றார். தேயிலையில் இருப்பது மிகச் சொற்பம் என்று விளக்குவதற்குள் அவர் சிரித்து முடித்திருந்தார்.

இன்னும் இருக்கிறது. வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி இதே பொருளைக் காற்றில் விடுகிறது. பக்கத்துச் செடி அதை உள்வாங்கித் தன் எதிர்ப்பைக் கூட்டிக்கொள்கிறது. 1997இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு இது. செடி அயல் செடிக்குச் சும்மா கொடுத்த சேதி. அதைச் சொல்லும் கட்டுரையை முழுதாக வாசிக்கக் காசு.

இத்தகைய கட்டுரை ஒன்றுக்கு 30 முதல் 40 டாலர் கேட்பது வழக்கம். 2024இல் டாலர் ஏறக்குறைய 300 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று தீர்மானமானதும் அதே ஆண்டில்தான். அந்தக் கணக்கில் 35 டாலர் என்றால் ஏறக்குறைய எட்டு நாள் உழைப்பு. ஆய்வைச் செய்து எழுதியவருக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை.

எல்லாக் கதவும் பூட்டியில்லை. இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். பூட்டிய கட்டுரை என்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு வைத்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் பதுளையிலேயே இருக்கிறது; அங்கும் கேட்டுப் பார்க்கலாம்.

இடம் தீர்ந்துவிட்டது. நூலகம் நிறுவனமும் அது இணையத்தில் ஏற்றிக் காப்பாற்றிய ‘குன்றின் குரல்’, ‘கொழுந்து’ இதழ்களும் அடுத்த வாரம், கட்டாயம்.

அதுவரை லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பார்க் வந்து போட்டி நடத்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கைபேசியைக் கொடுத்து, தங்கள் மலையின் வாசத்தைப் பற்றி இரண்டு நிமிடம் தமிழில் படமெடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை எவரும் பார்க்கும்படி பூட்டில்லாமல் வெளியிடுங்கள்.