வலிப்பு நின்ற பின்

கலஹாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், பனி விலகுமுன்னரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். என் அக்காளால் அவ்வேளையில் கண் விழிக்க முடிவதில்லை. சோம்பேறி என்றனர் லயத்தார். நானும் சில காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அதை இன்று எழுதுவதற்கு வெட்கமாயிருக்கிறது.

பதினான்காம் வயதில் அவளுக்குக் காக்கைவலிப்புக் கண்டது. இரும்புச் சாவியைக் கையில் திணித்தோம். ரோதைமுனிக்குச் சேவல் அறுத்தோம். அதன் பின்னரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கொடுத்த மாத்திரையின் பெயர் பினோபார்பிட்டோன். வலிப்பு நின்றது. வீட்டார் உள்ளம் குளிர்ந்தது. மாதந்தோறும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக் கிளினிக் கொப்பியை நீட்டுவோம். “வலிப்பு வந்ததா?” என்பது ஒன்றே கேள்வி. “இல்லை” என்றதும் கொப்பியில் பழைய மருந்தே மீண்டும் எழுதப்படும்.

ஒருநாள் திரும்பும் வழியில் அவள் மெல்லச் சொன்னாள்: “வலிப்பு நின்னிருச்சு தம்பி. அதோட நானும் நின்னுட்டேன்.”

இம்மருந்தின் வரலாறு விந்தையானது. 1912ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஹௌப்ட்மன் என்னும் ஜெர்மானிய வைத்தியர், வலிப்பு நோயாளர் அமைதியாய் உறங்கட்டும் என்று இதனைக் கொடுத்தார். உறக்கத்தோடு வலிப்பும் குறைவதைக் கண்டார். அதற்கு முன்பு, 1857 முதல், புரோமைடு உப்பே கதியாயிருந்தது. தூக்கமருந்தாய் வந்தது வலிப்புமருந்தாயிற்று. ஆயினும் தன் பிறவிக் குணத்தை அது விடவில்லை. மலிவானது, பயன் மிக்கது, எண்ணற்றோரை விழாமற் காத்தது. அதை நான் மறுக்கவில்லை.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. முறையாக மருந்துண்டால் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வாழ்வு எத்தகையது என்பதே என் கேள்வி. பெனிட்டோயின் சிலருக்கு ஈறுகளைத் தடிக்கச் செய்யும். நடையைத் தள்ளாட வைக்கும். வல்புரோயேட்டு உடலைப் பருக்கச் செய்யும். கருவுற்ற பெண் உண்டால் வயிற்றுச் சிசுவுக்கே ஊறு நேரலாம். வலிப்பு எத்தனை முறை வந்தது என்பதைக் காட்டிலும், மருந்தின் பக்கவிளைவும் மனச்சோர்வுமே பலரது வாழ்வை அதிகம் வருத்துவதாக ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் இங்கிருந்து அதிக தூரமன்று. அந்நாள் தொட்டு இம்மலைகளில் மனிதரின் பொழுது ‘பேர்’ என்னும் கோலால் அளக்கப்படுகிறது. குறித்த கிலோ கொழுந்து நிறுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மயங்கிய விரல்களால் கொழுந்தெடுத்த அக்காளுக்கு மாதம் முழுவதும் அரைப் பேர்தான். பிள்ளைகளின் பாடசாலைச் செலவை நினைத்து, எவருக்கும் சொல்லாமல் மாத்திரைகளைப் பீலித் தண்ணீரில் விட்டாள். இரண்டு நாள் தேகம் இலேசாயிற்றாம்! பத்தாம் நாள், சரிவான மலையில் கூடையோடு விழுந்தாள். வலிப்பு ஓயவேயில்லை, ஒன்று அடங்குமுன் மற்றொன்று. இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே உலையாகும் என்பதை அதுவரை எங்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

பிழைத்தெழுந்த பின், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: விடியலில் எழ முடியாமை, எண்ணிக்கை மறத்தல், காரணமின்றி வரும் அழுகை. புதிதாய் வந்திருந்த இளம் வைத்தியை அதனை இருமுறை படித்தார். “இதை ஏன் முன்னமே சொல்லவில்லை, அக்கா?” என்று கேட்டார். கேட்டவர் யார் என்று அக்காள் சொல்லவில்லை, சிரித்தாள். பழைய மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, லெவெட்டிராசெட்டத்தைச் சிறுகச் சிறுக ஏற்றினர். பல மாதங்கள் சென்றன. இடையில் ஒருமுறை சிறு வலிப்பும் வந்தது. இம்மருந்து சிலருக்குச் சினத்தைக் கூட்டும் என்றும், மாறுதல் கண்டால் உடனே வந்து சொல்லுமாறும் எச்சரித்திருந்தார் வைத்தியை.

சென்ற சனிக்கிழமை அக்காளுக்கு முழுப் பேர். அன்றே, நிறுவையில் இரண்டு கிலோ கழித்துவிட்டார் என்று கணக்கப்பிள்ளையோடு மலையதிரச் சண்டையும் பிடித்திருக்கிறாள். அது மருந்தின் சினமா, இத்தனை ஆண்டு உறங்கிக் கிடந்த அவளுடைய சொந்தச் சினமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டும்.